கைமுகம்

தொபியாஸ் அண்ணாச்சியின் பேக்கரியில் அன்று காலை அடுப்பிலிருந்து இறங்கிய மக்ரூன்கள் எல்லாவற்றுக்கும் அவருடைய மூக்கு இருந்தது. முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்ந்து கூம்பிக்கொண்டு நிற்கிற அந்த முனை வழக்கம்போல நேராக நிற்காமல், அண்ணாச்சியின் மூக்கு மாதிரியே இடதுபக்கம் சாய்ந்து, நுனியில் லேசாகச் சிவந்து, பக்கத்தில் யாராவது ஏலக்காய் தட்டினால் தும்மவும் செய்தது. ஆனால் எங்களுடையது கடலோரத் தெரு, விடியும்போதே மீன் வந்து இறங்கிவிடும், மீனை விட்டுவிட்டு மக்ரூன் தும்முவதை நின்று பார்க்க யாருக்கு நேரம். வந்தவர்கள் ஒருமுறை மக்ரூனைப் பார்த்தார்கள், ஒருமுறை அண்ணாச்சியைப் பார்த்தார்கள், "அண்ணாச்சி, உங்க மூக்குல அரைக்கிலோ போடுங்க" என்றார்கள், அவரும் போட்டார்.

அதற்குப் பிறகு அது தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியது. தையற்கடை லூர்து தைத்த சட்டைகள் ஆணியில் மாட்டியிருக்கும்போதே அவரைப்போலக் கூன்போட்டு நின்று வெற்றிலை கேட்பதுபோல வாயை மென்றன. கொத்தனார் எழுப்பிய சுவருக்கு அவரைப்போலவே விக்கல் வந்தது, சுவருக்குத் தண்ணீர் ஊற்றினால் நின்றது. காண்டிராக்டர் போட்ட ரோடு காண்டிராக்டரைப் போலவே மழைக்கு முன்னால் காணாமல் போனது, அதில் மட்டும் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பின்தெருவில் வேளார் விநாயகர் சதுர்த்திக்குப் பிடித்து வைத்த களிமண் பிள்ளையார்கள் அத்தனைக்கும் தும்பிக்கைக்கு மேலே வேளாரின் முறுக்கு மீசை முளைத்திருக்க, "பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும்னு கேள்விப்பட்டிருக்கேன், வேளார் ஆனத இப்பதான் பாக்கேன்" என்று அவர் மனைவியே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், ஆனாலும் ஒரு பிள்ளையார்கூட விற்காமல் தங்கவில்லை, மீசை வைத்த பிள்ளையாரிடம் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாதா கோயிலில் பங்குச்சாமி ஞாயிற்றுக்கிழமை செய்த பிரசங்கம் பாதியிலேயே கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது, ஜனங்கள் தூங்குவதற்கு முன்னால் பிரசங்கமே தூங்கியதைக் கண்டு அவர் பயந்துபோய் அடுத்த வாரம் மூன்று வாக்கியத்தில் முடித்துக்கொண்டார், ஊரே அதற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னது.

முன்பு கைமணம், கைராசி, கைப்பக்குவம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இப்போது கைமுகம் என்று ஒரு வார்த்தையைப் புதிதாகச் செய்துகொண்டார்கள். அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை, ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் நாக்கு கொஞ்சம் தெத்தியது, ஆகவே சொன்னவர் தெத்துவாயர் என்பது மட்டும் தெரிந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேசரியைப் பார்த்தார்கள், "கைமுகம் லட்சணமா இருக்கு" என்று நிச்சயம் செய்தார்கள். வாழ்நாளில் ஒரு தம்ளர் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத ஆண்கள் எல்லாம் தங்கள் முகத்தைப் பார்க்கும் ஆசையில் காலையில் எழுந்து காப்பி போட்டார்கள், அதன் நுரையில் தங்கள் வழுக்கை பளபளப்பதைப் பார்த்துப் பூரித்து மனைவிமாரை எழுப்பிக் கொடுத்தார்கள். ஒன்றுக்கும் உதவாதவர் என்று பேர் வாங்கிய ஒருவர் ஒரு முக்காலி செய்தார், முக்காலி அவரைப்போலவே கால்மேல் கால் போட்டுக்கொண்டது, அதில் யாரும் உட்கார முடியாது, ஆனாலும் அவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுழுக்கக் காட்டினார். உலகத்தைப் படைத்து முடித்த ஆறாம் நாள் சாயங்காலம் கடவுள் எப்படி நின்றிருப்பாரோ அப்படி ஊரே இடுப்பில் கைவைத்துக்கொண்டு தான் செய்ததைத் தானே பார்த்து "நல்லாத்தான இருக்கு, நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

இந்தக் கும்மாளத்தின் நடுவில்தான் நான் என் மகன் சிரிலை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் சிரில் யார் சாயலும் இல்லை. இடது புருவம் எப்போதும் ஒரு கேள்வி கேட்பதுபோலத் தூக்கி நிற்கும், மோவாயில் கடலைப்பருப்பு வைக்கிற மாதிரி ஒரு குழி, காதுகள் இரண்டும் யாரோ கூப்பிட்டதைக் கேட்டவைபோல முன்பக்கம் விரிந்திருக்கும். அந்தப் புருவம் என் வீட்டிலும் இல்லை, என் கணவர் கஸ்மீர் வீட்டிலும் இல்லை. அந்தக் குழியைத் தேடி மாமியார் மெட்டில்டா மாமி கல்யாண ஆல்பங்களை எல்லாம் புரட்டி, கப்பலில் போய்த் திரும்பாத சித்தப்பா வரைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். பிள்ளை பிறந்த வீட்டில் யார் சாயல் என்று கேட்பது உலக வழக்கம்தான், யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை, மூக்கைக் கொஞ்சம் அத்தைக்குக் கொடுத்து, நெற்றியைக் கொஞ்சம் தாத்தாவுக்குக் கொடுத்துப் பங்கு பிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் மக்ரூனுக்குக்கூட மூக்கு வந்துவிட்ட தெருவில் அந்தக் கேள்வி விளையாட்டாக இல்லை.

கேட்டது பெனடிக்டா மதினி, கஸ்மீரின் அக்கா, இரண்டு வீடு தள்ளி வாக்கப்பட்டவர், காலையும் மாலையும் எங்கள் வீட்டுக்கு வராவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. ஒரு நாள் தட்டு நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்தார், ஒவ்வொரு முறுக்கும் அவரைப்போலவே உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்தது.

"பாரு எமில்டா, ஒரு முறுக்குகூட சுத்துனவ முகத்தோட வருது. இவ்வளவு பெரிய பிள்ள, இவன் முகம் எங்கேருந்துட்டி வந்துச்சி?"

"தெரியல மதினி."

"உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

"ஏ பெனடிக்டா, சும்மா இரு," என்றார் மாமி, ஆனால் சொல்லிவிட்டுப் பிள்ளையின் மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மதினியின் முறுக்குகள் என்னைக் கண்டால் தங்களுக்குள் குசுகுசுத்தன. கஸ்மீர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் படகு கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை பார்க்கிறவர், அவர் வைத்த ஒட்டுகள் அவரைப்போலவே கூச்ச சுபாவம், தடவிக் கொடுத்தால் மட்டும் வெட்கத்தோடு கொஞ்சம் சிரிக்கும். முறுக்குப் பேச்சுக்குப் பிறகு நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது புதுப் படகின் பக்கவாட்டில் இருந்த ஒட்டுகள் எல்லாம் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. அவர் கேட்டிருந்தால் அழுதாவது பதில் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்கு என்ன பதில் சொல்ல.

இதில் இன்னொன்றும் இருந்தது, அதுதான் என்னை மொத்தமாகக் கவிழ்த்தது. நான் செய்வதெல்லாம் நடுங்கியது. நான் போட்ட தேநீர் தம்ளருக்குள் அலையடித்தது, நான் பிழிந்த இடியாப்பம் தட்டில் ஒடுங்கி உட்கார்ந்து பல் கிட்டியது, மடத்துப் பள்ளியில் சிஸ்டர்மார் சொல்லிக்கொடுத்தபடி சிரிலுக்கு நான் பின்னிய தொப்பி, குளிரென்றால் என்னவென்று தெரியாத எங்கள் ஊரில், கொடியில் கிடந்து வெடவெடத்தது. அது என் கைமுகம், வேறென்ன. பிள்ளை தூங்கினால் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன், மூச்சு வரும், வந்த மூச்சு திரும்ப வருமா என்று காத்திருப்பேன், வரும், அதற்கடுத்தது வருமா என்று மறுபடி காத்திருப்பேன். குளிப்பாட்டும்போது வழுக்கிவிடுவானோ, அழாவிட்டால் ஏன் அழவில்லை, அழுதால் ஏன் அழுகிறான், இவ்வளவு பெரிய காரியத்தை என் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் எப்படிச் சோறு சாப்பிடப் போகிறார்கள் என்று பயம். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது பயமாகத் தெரியவில்லை. "கள்ளம் இருக்கிற கைதாம் நடுங்கும்" என்று மதினி கிணற்றடியில் சொல்லிவிட்டார், தெரு அதை நம்புவதற்குத் தயாராக இருந்தது. நான் அடுப்படிப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன்.

பங்குச்சாமியிடம் போனேன். கோயில் வாசலில் மூன்று வாக்கியத்தைத் தேடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"சாமி, கடவுள் தம்ம சாயல்ல மனுசர உண்டாக்குனாருன்னுதான சிஸ்டர்மார் சொல்லிக்குடுத்தாங்க. அப்போ நாம செய்யுறது நம்ம சாயல்ல வாரது சரிதான். எம் பிள்ள மட்டும் ஏன் சாமி யார் சாயலும் இல்ல?"

சாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிரிலின் முகத்தருகே குனிந்தார். சிரில் இடது புருவத்தைத் தூக்கி அவரைப் பார்த்தான். சாமி இரண்டடி பின்னால் போனார்.

"ஏம்மா, இவன் என்னையல்லா கேள்வி கேக்கான்!" என்றவர், நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுச் சீக்கிரமாக உள்ளே போய்விட்டார். பதில் கிடைக்கவில்லை என்றாலும் அந்த வாரப் பிரசங்கம் முதல்முறையாகத் தூங்காமல் இருந்தது, முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு பீடத்திலேயே உட்கார்ந்துவிட்டது, எழுந்துபோக மாட்டேன் என்றது.

பிறகு சிரிலுக்குப் பல் முளைத்தது. கீழ்வரிசையில் ஒரே ஒரு அரிசி. பல் முளைத்த பிள்ளையைப் பலகையில் உட்காரவைத்து, தலையில் சின்னச் சின்னப் பிடி கொழுக்கட்டைகளைக் கொட்டி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பொறுக்கித் தின்ன வேண்டும், அப்போதுதான் மீதிப் பல்லும் வரிசையாக வரும் என்பது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம். கொழுக்கட்டை தாய்வீட்டிலிருந்து வரும், பிள்ளைபெற்றவள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மதினி நடுக்கூடத்தில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"தாய்வீட்டுக் கொழுக்கட்ட வேண்டாம். பெத்தவளே பிடிக்கட்டும், எல்லாரும் பாக்கப் பிடிக்கட்டும். கை நடுங்காம வந்தா நாங் கால்ல விழுதேன். நடுங்குச்சோ, பிள்ளையத் தூக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிரட்டும். உண்ம தெரிஞ்ச பெறவு இங்க வந்தா போதும்."

நான் மாமியைப் பார்த்தேன். மாமி கஸ்மீரைப் பார்த்தார். கஸ்மீர் சுவரைப் பார்த்தார், நல்லவேளை அது கொத்தனார் கட்டிய சுவர், அதுவாவது எனக்காக ஒரு விக்கல் விக்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. தொபியாஸ் அண்ணாச்சி, தையற்கடை லூர்து, மீசையும் மனைவியுமாக வேளார், கேள்விக்குறியைப் பீடத்தில் பூட்டிவைத்துவிட்டு வந்த பங்குச்சாமி, எல்லோருக்கும் நடுவில் பாயில் நான், எதிரில் வறுத்த அரிசிமாவும் கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப் பூவும், பலகையில் சிரில், வாயில் அந்த ஒரு பல்லைக் காட்டிக்கொண்டு, ஏதோ திருவிழாவுக்கு வந்தவனைப்போல.

மாவைப் பிசைந்தேன். முதல் உருண்டையைக் கைக்குள் வைத்து அழுத்தினேன், விரல் தடம் பதிந்தது, தட்டில் வைத்தேன். அது நடுங்கியது. இரண்டாவது வைத்தேன், அது முதலாவதோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. தட்டு நிறைய நிறைய, கொழுக்கட்டைகள் எல்லாம் இடிச்சத்தம் கேட்ட கோழிக்குஞ்சுகள்போல ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டு நடுங்க, தட்டே கடகடவென்று தரையில் நகர்ந்து பங்குச்சாமியின் காலடிவரை போய்விட்டது.

"பாத்தீயளா? பாத்தீயளா?" என்றார் மதினி. "நான் சொன்னா என்னைய வாயாடிங்கீய. கண்ணால பாருங்க."

வாசல் வழியாகக் கடலின் சத்தம் உள்ளே வந்தது. நான் என்னென்ன துணிகளை எடுத்துப்போக வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன், சிரிலின் தொப்பி கொடியில் கிடக்கிறது, அதை மறக்கக் கூடாது.

அப்போது கஸ்மீர் தொண்டையைச் செருமினார். அவர் செருமியதே பெரிய காரியம், எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா, அங்க கேளு."

"எங்கல?"

"கடல. அது உண்டான நாள்லருந்து நடுங்கிக்கிட்டுத்தான கெடக்கு? செய்யும்போது செஞ்சவருக்கும் கை நடுங்கியிருக்கும். இம்மாம் பெருசு, மொதத் தடவ வேற. நடுங்காம இருக்குமா?" மூச்சு வாங்கினார், அவ்வளவு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை. "அதுக்காகக் கடலத் தாய்வீட்டுக்கா அனுப்புனாவ?"

வேளாரின் மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அவளிடமிருந்து லூர்துக்கு, லூர்திடமிருந்து அண்ணாச்சிக்கு. பங்குச்சாமி மட்டும் அங்கிப் பையில் பேனாவைத் தேடினார், அடுத்த வாரத்துக்கு மூன்று வாக்கியமும் கிடைத்துவிட்ட முகம். "மொதப் பிள்ளையாரு பிடிக்கப்ப எனக்கும் வெடவெடன்னு வந்துச்சில்லா," என்றார் வேளார். "ஏன், மொத மக்ரூன் அடுக்கையில நான் தட்டையே கீழ போட்டவன்," என்றார் அண்ணாச்சி. நடுங்கிய கதைகள் கூடத்தில் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. நான் கஸ்மீரைப் பார்த்தேன். அவர் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார், பார்வையைத் திருப்பவில்லை.

"அதெல்லாம் சரி," என்றார் மதினி, விடுகிற ஆளா. "வேகட்டும். வெந்தபெறவு என்ன முகம் வருதுன்னு பாப்போம்."

கொழுக்கட்டைகளை இட்லிக் கொப்பரையில் அடுக்கி மூடினேன். உள்ளே நடுக்கம் கொஞ்சநேரம் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது, பிறகு மெதுவாகி, பிறகு நின்றது, அதற்குப் பிறகு உள்ளேயிருந்து என்னவோ சத்தம் வந்தது, கொதிக்கிற தண்ணீர்ச் சத்தம் என்றுதான் நினைத்தேன். மாமி வந்து மூடியைத் திறந்தார். ஆவி விலகியது.

கொப்பரை நிறைய சிரில் இருந்தான். ஒவ்வொரு கொழுக்கட்டைக்கும் இடது புருவம் தூக்கியிருந்தது, ஒவ்வொன்றின் மோவாயிலும் கடலைப்பருப்பு வைக்கிற குழி, ஒவ்வொன்றுக்கும் காது முன்பக்கம் விரிந்திருந்தது, எல்லாம் ஒரே ஒரு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தன, அந்தச் சத்தம்தான் அது.

"பிடிச்சது எமில்டா," என்றார் மாமி, மெதுவாக, கணக்குப் போடுகிறவரைப்போல. "வந்தது பிள்ள முகம். செஞ்சது செஞ்சவ சாயல்லதான வரும். அப்போ..."

எல்லோரும் கொப்பரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் ஒரேசேரப் பார்த்ததில் எனக்கு ஒன்றும் புரியாமல், என்ன என்று கேட்பதுபோல என் இடது புருவம் தானாக மேலே ஏறியது. இதற்குமுன் ஏறியதே இல்லை. மோவாயைத் தொட்டுப் பார்த்தேன். விரல்நுனி உள்ளே போனது.

"ஏட்டி," என்றார் கஸ்மீர், சிரிப்பை அடக்கமாட்டாமல், "அவன் ஒன்ன மாதிரி இல்லட்டி. நீதாம் அவன மாதிரி இருக்கே!"

மெட்டில்டா மாமி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "ஆமா," என்றார். "அப்படியே மகன உரிச்சி வச்சிருக்கா." எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. நான்தான் அவனை உண்டாக்கினேன், தப்பாக உண்டாக்கிவிட்டேனோ என்றுதான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன், அவன் பாட்டுக்கு மடியில் கிடந்து பால் குடித்துக்கொண்டே ஒரு தாயைச் செய்து முடித்திருக்கிறான், எனக்குத் தெரியவே இல்லை.

மாமி கொப்பரையில் இருந்ததையெல்லாம் தட்டில் எடுத்து, சூடு ஆறியதா என்று பார்த்து, சிரிலின் தலையில் கொட்டினார். கொழுக்கட்டைகள் அவன் தோளில் விழுந்து, வயிற்றில் உருண்டு, கெக்கலித்துக்கொண்டு கூடம் முழுக்க ஓடின, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கின, பிள்ளைகள் துரத்த, பிள்ளைகளை நாய் துரத்த, தொபியாஸ் அண்ணாச்சி வயதை மறந்து மண்டியிட்டு நாற்காலிக்கு அடியில் இருந்ததைப் பிடித்து வாயில் போட்டார், லூர்து இரண்டு போட்டார், பங்குச்சாமி அங்கி நிறையப் பொறுக்கினார், தின்னத் தின்ன அது தொண்டைக்குள்ளும் சிரித்தது, தின்றவர்களுக்கெல்லாம் வயிறு குலுங்கியது.

பெனடிக்டா மதினி மட்டும் நடுக்கூடத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நில்லுங்க, எல்லாரும் நில்லுங்க! தாய் பிள்ள சாயல், அத ஒத்துக்கிடுதேன். கால்லயும் விழுதேன், அது பெறவு. ஆனா நான் கேட்டது அது இல்லயே? பிள்ள யார் சாயல்? இவனச் செஞ்சவரு முகத்த யாராவது பாத்திருக்கீயளா? அதச் சொல்லுங்க மொதல்ல!"

மதினி சாமியைப் பார்த்தார், சாமி கன்னம் உப்ப மேலே மச்சைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார், மாமி தலையை மட்டும் ஆட்டினார். கஸ்மீரைப் பார்த்தார், கஸ்மீர் கையை விரித்தார். பலகையில் சிரில் புருவத்தைத் தூக்கி மதினியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடே இது, ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கீய," என்று கத்தினார் மதினி. "எல்லாருக்கும் வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஆமாம், எல்லோருக்கும் வாயில் கொழுக்கட்டைதான் இருந்தது.